ஆறு பெயர்கள் கொண்ட சிற்றூர்

நேயர்களே, இத்தொடரில் இதுவரை நூல்களைப் பற்றியும் அவற்றை ஆக்கியோர் பற்றியும் பேசிவந்தோம். இன்று ஓர் ஊரைப் பற்றிப் பேச எண்ணியுள்ளேன். ஐக்கிய அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலே, தெற்கெல்லைக்குச் சில மைல் வடக்கே அமைந்திருக்கும் அவ்வூரின் பெயர் றெட் கிளவுட். தமிழிலே 'செம்முகில்' என்று சொல்லலாம். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்ந்தோர் 962 பேர். எங்கள் கல்லூரியில் காலைப் பிரார்த்தனைக்கு வந்து நிற்கும் மாணவர் தொகை அதைவிடக் கூடுதலானது.

இத்தனை சிறிய ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. உயர்தர வகுப்பு மாணவரிடம் 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதுமாறு ஆண்டுதோறும் கேட்பது என் வழக்கம். அவர்கள் கோயிலின் தோற்றத்தை எழுதுவார்கள். பாடசாலையை நிறுவிய பெரியாரை எழுதுவார்கள். ஊரிற் பிறந்து உத்தியோகத்தால் உயர்ந்தவர்களை எழுதுவார்கள். ஊரின் வீடுகளில் பாத்திரம் துலக்கியவர், கிணறு வெட்டியவர், கூலிக்கு நெல்லுக் குற்றியவர் எவரும் அக்கட்டுரைகளில் இடம்பெறுவதில்லை. றெட் கிளவுட் உலக இலக்கிய வரைபடத்தில் இடம்பெற்றமைக்குக் காரணமோ, அவ்வூரில் வீட்டு வேலைக்கு வந்த ஒரு குடியேற்றவாசிப் பெண்ணின் வாழ்க்கை. அது எப்படி நேர்ந்தது என்பதே இன்றைய பேச்சு.

கம்பநாடர் தம் காவியத்தை ஆற்றுப் படலத்தில் தொடங்கி, நாட்டுப் படலம், நகரப் படலம் என்று வரிசையாகச் செல்வார். அவ்வரிசை எனக்கும் வசதியானது. ஊருக்குத் தெற்கே ஓடும் ஆற்றின் பெயர் றிபப்ளிக்கன். அமெரிக்க அரசியற் கட்சியின் பெயராயிற்றே என்று நேயர்கள் எண்ணக்கூடும். கட்சி பிறந்தது 1854இல். ஆற்றின் பெயர் அதனினும் பழையது. போனி என்னும் ஆதிக்குடியினரின் ஒரு பிரிவினரை ஐரோப்பியர் 'குடியரசுப் போனிகள்' என்று அழைத்தனர். அவர்களுடைய கிராமங்கள் இந்த ஆற்றங்கரையில் இருந்தமையால் ஆற்றுக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. கொலராடோவின் சமவெளியில் ஊற்றெடுத்து, நெப்ராஸ்காவின் தென்பகுதியைக் கடந்து, கன்சாஸினுட் புகுந்து வேறோர் ஆற்றுடன் கலக்கும் இது, வழமையான காலங்களில் மணற்றிட்டுகளுக்கிடையே மெலிந்து ஓடுவது. ஆனால் 1935ஆம் ஆண்டு மே மாத இறுதியிற் பெருக்கெடுத்தபோது, பள்ளத்தாக்கு முழுவதிலுமாக நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று.

இனி நாடு. றெட் கிளவுட்டுக்குத் தெற்கே இருபது மைலுக்கும் குறைந்த தொலைவில், கன்சாஸின் லெபனன் என்னும் ஊருக்கருகே, அமெரிக்கப் பெருநிலப் பரப்பின் நடுப்புள்ளி உள்ளது. 1918இல் நாட்டின் வரைபடத்தைக் கடதாசி மட்டையில் வெட்டியெடுத்து, ஊசிமுனையில் நிறுத்திப் பார்த்து அப்புள்ளியைக் கண்டனராம். ஆக, இவ்வூர் நாட்டின் இருதயத்திலே இருக்கிறது. கடல் இரு திசையிலும் ஆயிரம் மைலுக்கு அப்பால். ஊருக்கு வடக்கே, லிட்டில் புளூ என்னும் ஆற்றுக்கும் றிபப்ளிக்கன் ஆற்றுக்கும் இடையே உள்ள மேட்டுநிலத்தை 'டிவைட்', அதாவது நீர்பிரி மேடு, என்பார்கள். ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 25 அங்குலம். கிழக்கின் ஈரநிலம் முடிந்து மேற்கின் வரட்சி தொடங்கும் இடைவெளி அது. நல்ல மழை பெய்த ஆண்டில் சோளமும் கோதுமையும் பொலியும். மழை பிழைத்த ஆண்டில் முல்லை பாலையாகத் திரியும். மரம் என்று சொல்ல ஆற்றோரத்துப் பருத்திமரங்களைத் தவிர அதிகமில்லை. மற்றதெல்லாம் புல். ஆளுயரத்துக்கு வளரக்கூடிய, தன் உயரத்தைவிட ஆழமாக வேர்விடுகிற புல்.

இந்தப் புல்வெளி வெறும்வெளியாக இருக்கவில்லை என்பதை இவ்விடத்திலே சுட்டிக்காட்டுவது அவசியம். போனிகள் மண்ணாலான பெரிய வட்ட வீடுகளில் வாழ்ந்து சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டனர். பருவத்துக்கு எருமை வேட்டைக்குச் சென்றனர். றெட் கிளவுட்டுக்குக் கிழக்கே, கைட் றொக் என்னும் சிற்றூருக்கு அண்மையில், அவர்கள் புனிதமாகப் போற்றிய குன்று ஒன்று ஆற்றோரம் உண்டு. 'வழிகாட்டும் குன்று' என்ற பொருள்படும் அவர்களது பெயரின் மொழிபெயர்ப்பே அவ்வூர்ப் பெயர். அதே பகுதியில் இருந்த போனிக் கிராமத்துக்கு 1806இல் செபுலன் பைக் என்ற அமெரிக்கப் படையதிகாரி வந்து, அங்கு பறந்த ஸ்பானியக் கொடியை இறக்கி, அமெரிக்கக் கொடியை ஏற்றச் செய்தார். அந்தக் கிராமம் எங்கிருந்தது என்பது பற்றி நெப்ராஸ்காவும் கன்சாஸும் நெடுங்காலம் வழக்காடின. போனிகளை அங்கிருந்து அகற்றிய பின்னர், அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பது இரு மாநிலங்களுக்கும் பெருமைக்குரிய வினாவாயிற்று!

1833இல் ஓர் உடன்படிக்கையின் மூலம் பிளாற் ஆற்றுக்குத் தெற்கேயுள்ள நிலத்தைப் போனிகள் கையளித்தனர். 1873இல், றிபப்ளிக்கன் ஆற்றின் மேற்பகுதியில் வேட்டைக்குச் சென்ற போனிகளை அவர்களது பரம்பரைப் பகைவரான லக்கோட்டா இனத்தவர் தாக்கினர். பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் மாண்டனர். அதன்பின் ஓரிரு ஆண்டுகளில் எஞ்சியோர் இன்றைய ஒக்லஹோமாவுக்குச் சென்றனர். ஒருகாலத்தில் பல்லாயிரவராக இருந்த அவ்வினம், 1900ஆம் ஆண்டளவில் ஆயிரத்துக்கும் கீழே குறைந்துவிட்டது.

இங்கேதான் ஊர்ப் பெயரின் விசித்திரம் தெரிகிறது. றெட் கிளவுட் என்பவர் லக்கோட்டாக்களின் மாபெரும் தலைவர். 1866 முதல் 1868 வரை அமெரிக்கப் படையை எதிர்த்து நின்று, கோட்டைகளைக் கைவிடச் செய்தவர். 1870இல் வாஷிங்டனுக்கும் நியூயோர்க்குக்கும் சென்று தம் மக்களுக்காக வாதாடியவர். பத்திரிகைகளில் அவர் பெயர் அடிபட்ட அதே காலப்பகுதியில், சைலஸ் கார்பர் என்ற முன்னாள் படைத்தலைவரும் அவரோடு வந்தோரும் இந்த ஆற்றங்கரையிற் குடியேறினர். 1871இல் வெப்ஸ்டர் கவுண்டி அமைக்கப்பட்டு, றெட் கிளவுட் அதன் தலைநகராயிற்று. போனிகளின் நிலத்திலே, போனிகளின் பகைவர் பெயரிலே, இருவரையும் விலக்கிவிட்டு வந்தவர்கள் ஓர் ஊரைக் கண்டனர். கார்பர் பின்னர் 1875 முதல் 1879 வரை மாநில ஆளுநராகவும் விளங்கினார்.

குடியேற்றத்துக்கு வழிவகுத்தது 1862இல் ஆபிரகாம் லிங்கன் ஒப்பமிட்ட ஹோம்ஸ்டெட் சட்டம். சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் காணியைப் பதிந்து, அதில் ஐந்தாண்டு வசித்துப் பயிரிட்டால் காணி சொந்தமாகும். மரமற்ற நாட்டிலே வீடு கட்டுவதெப்படி? புல்வேரோடு பெயர்த்தெடுத்த மண்கட்டிகளைச் செங்கல்போல் அடுக்கிச் சுவரெழுப்பினர். அல்லது மேட்டுச்சரிவைக் குடைந்து குழிவீடு செய்தனர். 1874இல் வெட்டுக்கிளிகள் வந்து விளைந்ததைத் தின்றன. 1888 ஜனவரி 12ஆம் நாள் எதிர்பாராது வீசிய பனிப்புயல், பாடசாலை முடிந்து வீடு திரும்பிய பிள்ளைகள் பலரை வழியிலேயே மடியச் செய்தது. 1890களில் வரட்சி பிடித்தது. இவற்றுக்கிடையிலும் புகையிரதப் பாதை வந்துசேர, ஊர் வளர்ந்தது. செங்கற் கட்டடங்கள் எழுந்தன. 1885இல் நாடகக் குழுக்கள் வந்து ஆடுவதற்கு ஓர் அரங்கும் கட்டப்பட்டது. 1890ஆம் ஆண்டளவில் குடிசனம் ஏறத்தாழ 1,800 ஆயிற்று.

அந்த வளர்ச்சிக் காலத்திலேதான், 1883இல், வேர்ஜீனியாவிலிருந்து ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பெற்றோருடன் வந்திறங்கினாள். அவளே பின்னர் அமெரிக்காவின் பெரும் நாவலாசிரியர்களில் ஒருவராகிய வில்லா கேதர். மலையும் மரமும் சூழ்ந்த ஊரிலிருந்து வந்த அவருக்கு, எல்லையற்ற அந்த வெளியைக் கண்டதும் தம் ஆளுமையே அழிந்துபோனது போலிருந்ததாகப் பிற்காலத்தில் ஒரு நேர்காணலிற் கூறினார். ஒன்றரை ஆண்டு பண்ணையில் வாழ்ந்தபின் குடும்பம் ஊருக்குள் ஒரு வாடகை வீட்டில் குடியேறியது. கூரைக்கடியிலிருந்த சிறு அறை வில்லாவுக்குக் கிடைத்தது. அதன் சுவருக்கு ஒட்டிய ரோசாப்பூக் கடதாசியை, மருந்துக் கடையொன்றில் வேலைசெய்து அதன் கூலியாகப் பெற்றார். அந்தக் கடதாசியை இன்றும் அங்கே காணலாம் என்கிறார்கள்.

சிற்றூர் என்றால் கல்வி குறைவு என்று நாம் எண்ணுவதுண்டு. அச்சிறுமிக்குக் கிடைத்த ஆசிரியர்களைப் பாருங்கள். கடையில் வேலைபார்த்த வில்லியம் டக்கர் என்னும் ஆங்கிலேயர் அவருக்கு இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்து, வேர்ஜிலையும் ஹோமரையும் படிக்க வைத்தார். அயலில் இருந்த வீனர் என்ற யூதத் தம்பதியர் பிரெஞ்சு, ஜேர்மன் நூல்கள் நிறைந்த தம் நூலகத்தைத் திறந்துவிட்டனர். ஊர் மருத்துவர்கள் நோயாளரைப் பார்க்கச் செல்கையில் அவரையும் வண்டியில் ஏற்றிச் சென்றனர். 1890இல் உயர்நிலைப் பாடசாலையிலிருந்து வெளியேறிய வகுப்பில் அவரோடு சேர்த்து மூவரே இருந்தனர். மேற்சொன்ன அரங்கிலே நின்று, மூடநம்பிக்கைக்கு எதிராக ஆய்வறிவை ஆதரித்துப் பேசினார். பின்பு பல்கலைக்கழகம், பிட்ஸ்பேர்க், நியூயோர்க் என்று போனவர், அவ்வூரில் நிலையாக வாழத் திரும்பவேயில்லை. 1947இல் நியூயோர்க்கில் மறைந்த அவரது கல்லறை இருப்பதும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலே.

ஆனால் எழுத்தில் அவர் ஊரைவிட்டு அகலவில்லை. 1913இல் வெளிவந்த நாவலில் ஹனோவர், 1915இல் மூன்ஸ்டோன், 1918இல் பிளாக் ஹோக், 1922இல் பிராங்போட், 1923இல் ஸ்வீற் வோட்டர், 1935இல் ஹவர்போட்: இந்த ஆறு பெயர்களும் ஒரே ஊரின் வேடங்கள். சிலவேளை ஊரைத் தூக்கிக் கொலராடோவிலும் பிளாற் ஆற்றங்கரையிலும் வைத்தார். ஆயினும் ஊரார் தம் வீதிகளையும் வீடுகளையும் இனங்கண்டுகொண்டனர். ஊரைக் கண்ட கார்பரும் அவரது மனைவியும் 'இழந்துபோன சீமாட்டி' என்ற பொருள்படும் 1923ஆம் ஆண்டு நாவலுக்கு மூலமாயினர். 1893ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் கார்பரின் வங்கி முறிந்தது. முன்னோடிகளின் காலம் முடிந்து கணக்கர்களின் காலம் தொடங்கியதை, அந்த வீழ்ச்சியை அடியொற்றி கேதர் எழுதிக்காட்டினார்.

எனினும் அவரது புகழின் கொடுமுடி 'என் அன்டோனியா'. அதன் மூலம் அன்னா சாடிலெக் என்னும் பெண். செக் மொழி பேசும் பொஹீமியாவிலிருந்து 1880இல் பெற்றோருடன் வந்தவர். வந்த முதற் குளிர்காலத்திலேயே, குழிவீட்டு வறுமையையும் ஊர்நினைவையும் தாங்கமாட்டாத தந்தை தன்னைத்தானே சுட்டுக்கொண்டு மாண்டார். தற்கொலை செய்தவர் என்பதால் மயானத்தில் அல்லாது தம் காணியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். கேதர் நெப்ராஸ்காவுக்கு வந்ததும் கேட்ட முதற் கதைகளுள் இதுவும் ஒன்று. அன்னா முதலில் ஆணுக்கு நிகராக வயலில் உழைத்தார். பின்பு ஊரில் ஜேம்ஸ் மைனர் என்ற வணிகரின் இல்லத்தில் வேலைக்காரியானார். அவ்வீட்டுப் பிள்ளைகளும் அயல்வீட்டு வில்லாவும் தோழிகள். புகையிரதத்தில் வேலைபார்த்த ஒருவனை நம்பி டென்வருக்குச் சென்று, கைவிடப்பட்டு, வயிற்றிற் குழந்தையுடன் ஊர் திரும்பினார். ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை எம்மவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர் ஒளியவில்லை. ஜோன் பவெல்கா என்ற தம்மினத்தவரை மணந்து, பிளேடன் என்ற ஊருக்கருகே பண்ணை அமைத்து, பத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்று, 1955 வரை வாழ்ந்தார். 1916இல் அப்பண்ணைக்குச் சென்று அவரைக் கண்ட கேதர், அடுத்த ஈராண்டில் நாவலை எழுதி முடித்தார்.

அக்காலத்து ஊர்க் குடும்பங்கள், வேலைக்கு வந்த செக், ஸ்கண்டிநேவியப் பெண்களைத் தாழ்வாகவே நோக்கின. அப்பெண்கள் கூலிப்பணத்தைச் சேர்த்து அனுப்பித் தகப்பன்மாரின் கடனை அடைத்து, தம்பி தங்கையரைப் படிப்பித்து, பண்ணைகளை மீட்டனர் என்று நாவல் சொல்கிறது. ஊரின் செல்வத்துக்கு அடித்தளம் இட்டவர் யார் என்ற கேள்விக்குக் கேதர் தந்த விடை அது.

இன்னொன்றையும் தமிழாசிரியன் என்ற முறையிற் கூறவேண்டும். நாவலின் இறுதியில் அன்டோனியாவின் வீட்டிலே செக் மொழிதான் வழங்குகிறது. சிறு பிள்ளைகளுக்குப் பாடசாலைக்குப் போகும்வரை ஆங்கிலம் தெரியாது. கேதர் இதனைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த வீட்டின் நிறைவாகவே காட்டினார். நாவல் வந்த மறுவருடம், 1919இல், போர்க்கால வெறுப்பின் தொடர்ச்சியாக நெப்ராஸ்கா ஒரு சட்டம் இயற்றிற்று. எந்தப் பாடசாலையிலும் ஆங்கிலமல்லாத மொழியிற் கற்பிக்கலாகாது. எட்டாம் வகுப்புத் தேறிய பின்னரே பிறமொழி கற்பிக்கலாம். றெட் கிளவுட்டிலிருந்து அறுபது மைலளவு தொலைவிலுள்ள ஹம்ப்டன் என்ற ஊரில், றொபேட் மேயர் என்ற ஆசிரியர் பத்து வயது மாணவன் ஒருவனுக்கு ஜேர்மன் மொழியில் விவிலியக் கதை படிப்பித்தார் என்று 25 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அவர் பணியவில்லை. வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்று, 1923இல் சட்டம் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. இச்சட்டத்தைக் கேதரும் வெளிப்படையாகக் கண்டித்தார். ஒரு மொழியைத் தடுப்பதால் இன்னொரு மொழி வளம்பெறாது என்பதை, பல மொழிகள் ஒலித்த ஊரிலே வளர்ந்த அவர் அறிந்திருந்தார். மேயரின் வகுப்பறையை நினைக்கும்போதெல்லாம், கரும்பலகை முன் நிற்கும் எனக்கு அவர் அந்நியராகத் தோன்றுவதில்லை.

பின்னைய கதை சுருக்கமானது. 1930களின் வரட்சியும் புழுதிப் புயலும் பலரைப் பெயர்த்தன. அதன்பின் உழவு இயந்திரங்கள் வந்தன. ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்ற கணக்கு அந்த வரண்ட மேட்டுக்கு ஒருபோதும் பொருந்தவில்லை. பண்ணைகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருத்தன. பத்துக் குடும்பம் பயிரிட்ட நிலத்தை ஒரு குடும்பம் பயிரிடும்போது, எஞ்சிய ஒன்பது குடும்பத்தின் பிள்ளைகள் இல்லாத பாடசாலைக்கும் கடைக்கும் என்ன வேலை? வெப்ஸ்டர் கவுண்டி முழுவதிலும் இன்று நாலாயிரம் பேர்கூட இல்லை.

ஊர் அழியாமல் நின்றதற்கும் ஓர் ஆசிரியை காரணம். 1930களில் அயற்கிராமத்திற் படிப்பிக்க வந்த மில்ட்ரெட் பெனெட், கேதரின் பாத்திரங்களுக்கு மூலமானோர் பலர் இன்னும் உயிரோடிருப்பதைக் கண்டு, அவர்களைத் தேடித்தேடிக் கேட்டு எழுதினார். 1951இல் அது நூலாயிற்று. 1955இல் அவரும் சிலரும் சேர்ந்து நினைவு நிறுவனம் ஒன்றை அமைத்தனர். கேதரின் வீடு, கார்பரின் வங்கி, பழைய அரங்கு, புகையிரத நிலையம் என்பன ஒவ்வொன்றாகக் காக்கப்பட்டன. 1974இல் ஊருக்குத் தெற்கே ஒருபோதும் உழப்படாத 600க்கு மேற்பட்ட ஏக்கர் புல்வெளியும் வாங்கிப் பாதுகாக்கப்பட்டது. கேதரின் நூல்களைப் படித்தோர் இன்று உலகின் பல பாகங்களிலிருந்தும் அங்கு வருகின்றனர்.

ஆனாலும் ஒரு குறையை மறைத்தலாகாது. செக் வேலைக்காரியைக் கண்ட அந்தக் கண், அதே மண்ணின் போனிகளைக் காணவில்லை. 'என் அன்டோனியா'வில், முன்னாளில் ஆதிக்குடிகள் குதிரையோட்டிய வட்டம் என்று புல்லின்மேல் மங்கலாகத் தெரியும் ஒரு சுவடு வருகிறது. ஏறக்குறைய அவ்வளவே. பத்தாண்டுக்கு முன்வரை அந்த ஆற்றை அறிந்திருந்த ஓர் இனம், நாவலில் ஒரு வளையமாகச் சுருங்கிவிட்டது. பெரிய எழுத்தாளரும் தம் காலத்தின் மறதியிலிருந்து முற்றாகத் தப்புவதில்லை.

வாஷிங்டனிலுள்ள நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒவ்வொரு மாநிலமும் இரண்டு சிலைகளை வைக்கலாம். நெப்ராஸ்கா தன் பழைய அரசியல்வாதிகளின் சிலைகளை மாற்றிற்று. 2019இல் வைக்கப்பட்டது ஸ்டாண்டிங் பெயார் என்னும் பொன்கா இனத் தலைவரின் சிலை. செவ்விந்தியனும் சட்டத்தின் முன் மனிதனே என்று 1879இல் ஒமஹா நீதிமன்றத்தில் நிலைநாட்டியவர் அவர். 2023இல் வைக்கப்பட்டது வில்லா கேதரின் சிலை. நாவலில் ஒரு வளையமாக நின்றுபோனது, அங்கே ஓர் ஆளாக நிமிர்ந்து நிற்கிறது.

அடுத்த தவணையும் என் மாணவரிடம் 'எங்கள் ஊர்' என்ற கட்டுரையைக் கேட்பேன். இம்முறை ஒரு நிபந்தனை: வீதிக்கோ மண்டபத்துக்கோ பெயர் சூட்டப்படாத ஒருவரையேனும் தேடிச் சென்று, அவர் சொல்வதைக் கேட்டு எழுதிவர வேண்டும்.